காது குத்துமுன் யாரைக் கேட்பது?

இல்லத் திருச்சபை



கொங்கு நாட்டில் காது குத்தாத பிள்ளையைக் காண்பது அரிது. ஆணாயினும் பெண்ணாயினும், தலைமுடி இறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்தி, காது குத்தித் தோடு பூட்டுவது நம் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். மாமன் வீட்டுச் சீர்த்தட்டுகள் மேளதாளத்துடன் வரும், மொய் எழுதப்படும், கெடா விருந்து நடைபெறும். கிறிஸ்தவர்களாகிய நாமும் இவ்வழக்கத்தைக் கைவிட்டோமில்லை. வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கு நேர்ந்துகொண்டு, அத்திருத்தலத்திலேயே பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்தி வரும் குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. பங்குத்தந்தையை அழைத்து ஆசீர் பெற்ற பின்னரே பிள்ளையை ஆசாரியிடம் கொடுக்கும் இல்லங்களும் உண்டு.

இவ்வழக்கத்தில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும், இந்நாளில் நம் வீடுகளில் எழும் ஒரு வினாவுக்கு இவ்வழக்கத்திலிருந்தே விடை தேட வேண்டியிருக்கிறது. அண்மையில் ஒரு தாய் நம்மிடம் வந்து மனம் நொந்து கூறியதைக் கேளுங்கள்.

அவருடைய மகளுக்கு வயது பதினைந்து. பள்ளிவிட்டுத் தோழியருடன் கடைவீதிக்குச் சென்றவள், காதின் மேற்புறத்தில், குருத்தெலும்பு உள்ள இடத்தில், புதிதாக ஒரு துளையிட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரரும் அவளது வயதைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் காசு ஒன்றே. தந்தை கடுஞ்சினம் கொண்டார். "எங்களைக் கேட்காமல் உன் உடம்பில் ஓட்டை போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று இரைந்தார். மகள் தந்தையைப் பாராமல் தாயைப் பார்த்து, "ஏனுங்கம்மா, ஏழு மாசத்துல எனக்குக் காது குத்துனீங்களே, அப்ப என்னையக் கேட்டீங்களா?" என்றாளாம். அன்று முதல் தந்தை மகளோடு பேசுவதில்லை. "நான் யாருக்கு என்ன சொல்வது?" என்பதே அத்தாயின் கேள்வி.

இதில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. வயது நிரம்பாத பிள்ளை தன் உடலில் துளையிட்டுக்கொள்ளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமா என்பது ஒன்று. பிள்ளையின் உடலில் துளையிடப் பெற்றோர்க்குப் பிள்ளையின் ஒப்புதல் வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு "ஆம்" என்று நாம் தயங்காமல் விடையளிப்போம். ஆனால் இரண்டாம் வினாவைச் செவிமடுக்காத இல்லத்தில் முதல் விடை நிலைத்து நிற்காது. தான் கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளையே தானும் வந்து கேட்கும். இதனையே இத்திங்கள் சிந்திக்கக் கருதுகிறோம்.

காதும் காதும் ஒன்றல்ல

முதலில் உடலைப் பற்றிய அறிவைப் பெறுவோம். காதின் கீழ்ப்புறத்து மடலில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. தோலும் கொழுப்பும் நல்ல இரத்த ஓட்டமும் உள்ள மென்மையான பகுதி அது. அங்கே இட்ட துளை பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். மேற்புறமோ குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்கெனத் தனியே இரத்தக் குழாய்கள் கிடையா. அதன்மேல் போர்த்திய மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. ஆதலால் அங்கே புண் ஆறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு கூட ஆகும். அங்கே கிருமி புகுந்து சீழ் பிடித்தால், குருத்தெலும்பு அழிந்து, காதே சுருங்கி உருக்குலைந்து போவதுண்டு. உருக்குலைந்த காதை அறுவை மருத்துவராலும் முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். பண்டைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை காது குத்தும் முறையை ஓர் அதிகாரத்தில் விரித்துரைக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களைக் காட்டி மகிழ்வித்து, கதிரவன் ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தைப் பார்த்துக் குத்த வேண்டும் என்கிறது அந்நூல். இடம் தவறிக் குத்தினால் வலியும் காய்ச்சலும் வீக்கமும் உண்டாகும் என்றும் எச்சரிக்கிறது. ஒளி ஊடுருவாத குருத்தெலும்பில் ஊசி இறக்குவது நம் மரபு அன்று என்பது இதனால் விளங்கும்.

தற்கால உலகிலிருந்தும் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அணிகலன் விற்கும் சிறு கடையொன்றில் காதின் மேற்புறத்தில் துளையிட்டுக்கொண்டவர்களுக்கு ஒருவர்பின் ஒருவராகக் காது வீங்கிச் சீழ் கட்டியது. ஆராய்ந்தபோது, ஏழு பேருக்குச் சூடோமோனாஸ் என்னும் கிருமி தொற்றியது உறுதியாயிற்று. எழுவரும் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள். தூய்மை செய்வதற்கென்று தெளித்த மருந்து நீரிலேயே அக்கிருமி குடியிருந்தது. கடைக்காரருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அறிவும் பயிற்சியும் போதவில்லை, அவ்வளவே. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இச்செய்தி வெளிவந்தது.

வேறு தீங்குகளும் உண்டு. தூய்மை செய்யப்படாத ஊசியால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. போன்ற கொடிய கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடும். இக்காரணம் பற்றியே, உடலில் துளையிட்டுக்கொண்டவரிடமிருந்து 12 மாதங்கள் வரை இரத்த தானம் பெறலாகாது என்று தேசிய இரத்த மாற்றுக் குழுமம் 2017இல் வழிகாட்டியது. மலிவான தோடுகளில் கலந்துள்ள நிக்கல் உலோகம் சிலரின் தோலுக்கு ஒவ்வாது; ஒரு முறை ஒவ்வாமை உண்டானால் அது வாழ்நாள் முழுதும் தொடரும். சிலருக்குத் துளையிட்ட இடத்தில் கெலாய்டு என்னும் தழும்பு மேடு வளர்ந்துகொண்டே போகும். நம்மைப் போன்ற கருநிறத் தோலுடையோர்க்கு இது மிகுதி, பரம்பரையாகவும் வரும்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பாட்டிக்குக் கெலாய்டு இருந்தது என்பதைப் பதினைந்து வயதுப் பெண் அறிவாளா? பிறவியிலேயே தன் இதயத்தில் சிறு குறை உண்டு என்பதையும், தடுப்பூசிகள் எவை போடப்பட்டன என்பதையும் அவள் அறிவாளா? அறிந்தவள் தாய். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதற்கு முதற்காரணம் அவர்களது அதிகாரம் அன்று; அவர்களிடம் உள்ள அறிவே. பிள்ளையின் உடல்நல வரலாறு பெற்றோரின் நினைவில்தான் எழுதப்பட்டுள்ளது.

சட்டம் என்ன கூறுகிறது?

காது குத்துவதற்கு இன்ன வயது வேண்டும் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் எதையும் நம் நாடாளுமன்றம் இயற்றவில்லை. ஆயினும் பொதுச் சட்டம் வாய்மூடி நிற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இசைவு பற்றிய பிரிவுகள் உள்ளன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தவையே அவை. ஒருவரது இசைவின்பேரில் அவருக்குச் சிறு காயம் விளைவித்தவருக்கு 25ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, இசைந்தவர் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால் மட்டுமே உண்டு. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மை கருதி, பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவுடன் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்கிறது 27ஆம் பிரிவு. 12 வயது நிரம்பாத குழந்தையின் இசைவு, பொதுவாக இசைவே ஆகாது என்கிறது 28ஆம் பிரிவு.

ஆக, 12 வயதுக்குக் கீழே பெற்றோரின் சொல்; 18 வயதுக்கு மேலே அவரவர் சொல். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஆறு ஆண்டுகளில் வழி தெளிவாக இல்லை. நம் பிள்ளைகள் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்பதும் அந்த ஆறு ஆண்டுகளில்தான்! கடைக்காரர் ஒரு தாளை நீட்டிப் பிள்ளையிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டால் போதும் என்று எண்ணுவாராயின், அதுவும் பிழை. வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903லேயே, மோகரி பீபி வழக்கில், இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது.

பிற நாடுகள் இவ்விடைவெளியை எவ்வாறு நிரப்பியுள்ளன? பிரிட்டனில் 18 வயதுக்குட்பட்டவர்க்குப் பச்சை குத்துவதை 1969ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. வேல்ஸ் நாட்டில் 2018 பிப்ரவரி 1 முதல், 18 வயதுக்குட்பட்டவரின் நாக்கிலும் மறைவான உறுப்புகளிலும் துளையிடுவது குற்றம். பெற்றோர் ஒப்பினாலும் குற்றமே. ஆனால் காது மடலுக்கு அத்தடை இல்லை. உறுப்பின் தன்மைக்கும் தீங்கின் அளவுக்கும் ஏற்ப விதியை அமைத்திருக்கும் இம்முறை நம் கருத்துக்கு உரியது. எல்லாவற்றையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகாது.

இத்தகைய விதி நமக்கு வேண்டுவதில்லை என்று எவரும் எண்ண வேண்டா. 2024 டிசம்பரில் நம் மாநிலத்துத் திருச்சிராப்பள்ளியில், பச்சை குத்தும் கடையொன்றில் நாக்கை இரண்டாகப் பிளக்கும் அறுவை நடந்தது வெளிப்பட்டு, கடைக்காரரும் உதவியாளரும் கைது செய்யப்பட்டனர். கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. செய்தவர் மருத்துவர் அல்லர். அதன் காட்சிகள் இன்ஸ்டாகிராம் வழியே இளையோரின் கைப்பேசிகளில் உலவின. காதில் ஒரு துளை எங்கே, நாக்கைப் பிளப்பது எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்லவே. ஆயினும் வயதைக் கேட்காத கடையும், வீட்டில் கேட்காத பிள்ளையும் சேரும் இடத்தில் எல்லைக்கோடு எதுவும் இராது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஒப்புதல் என்பது கையொப்பம் அன்று

ஆகவே வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஒப்புதல் என்றால் என்ன? "சரி, எப்படியோ போ" என்று பணத்தைக் கையில் கொடுப்பது ஒப்புதலாகாது. கூடவே செல்வதும், ஊசி புதியதா எனப் பார்ப்பதும், இரவில் காது வலித்தால் விழித்திருப்பதும், உப்பு நீரால் புண்ணைக் கழுவிவிடுவதும், சீழ் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் சேர்ந்ததே ஒப்புதல். புண்ணுக்குப் பொறுப்பேற்பவரே துளைக்கு ஒப்ப முடியும். அப்பொறுப்பைக் கடைக்காரரும் ஏற்பதில்லை. உடன் சென்ற தோழியும் ஏற்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "கண்டிப்புக் காட்டினால் பிள்ளைகள் ஒளிந்து செய்வார்கள், விடுதி அறையில் ஊக்கைத் தீயில் காட்டித் தாங்களே ஒருவருக்கொருவர் குத்திக்கொள்வார்கள், அது இன்னும் கேடல்லவா?" என்பர் சிலர். இம்மறுப்பில் உண்மை உண்டு. சட்டத்தாலும் அறிவிப்புப் பலகையாலும் மட்டும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட முடியாது. கேட்டால் அடியும் ஏச்சும் கிடைக்கும் என்று அஞ்சும் வீட்டில் எந்தப் பிள்ளையும் கேட்காது. கேட்டால் காது கொடுத்துக் கேட்பார்கள், மறுத்தாலும் காரணம் சொல்வார்கள் என்று நம்பும் வீட்டில் பிள்ளை கேட்கும். விதி வேண்டும்; அவ்விதி உயிர் பெறுவதற்கு அத்தகைய வீடும் வேண்டும்.

மகள் கேட்ட கேள்வி

இனி அம்மகளின் கேள்விக்கு வருவோம். "என்னைக் கேட்டீர்களா?" என்று அவள் வினவியது வாய்த்துடுக்கு எனத் தள்ளிவிடத்தக்கதன்று.

ஏழு மாதக் குழந்தையைக் கேட்க இயலாது என்பது உண்மை. கேட்க இயலாத பருவத்தில் பெற்றோர் பிள்ளைக்காக முடிவு செய்யத்தான் வேண்டும். பாலூட்டுவதும், தடுப்பூசி போடுவதும், பெயரிடுவதும், திருமுழுக்குக் கொடுப்பதும் அவ்வாறே. காது மடலில் இடும் துளை சிறியது. பிற்காலத்தில் வேண்டாவிடில் தோட்டைக் கழற்றிவிடலாம். ஆதலால் பெற்றோர் பிழை செய்தனர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் "நம் குழந்தை, நாம் என்ன செய்தாலும் தகும்" என்பதும் உண்மையன்று. பெற்றோரின் முடிவு எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நம் தமிழகத்தின் தென்மாவட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே பெண் குழந்தைகளின் காதைத் துளைத்து, குணுக்கு என்னும் கனத்த ஈய வளையங்களைத் தொங்கவிட்டு, மடலைத் தோள்வரை நீளச் செய்தனர். பாம்படமும் தண்டட்டியும் அணிவதற்காகவே இவ்வளவும். அன்பினால், அழகென்று கருதியே பெற்றோர் அதைச் செய்தனர். காலம் மாறியது, வழக்கம் மறைந்தது. தொங்கும் காதோடு வாழ வெட்கிய பெண்கள் பலர், நீண்ட மடலை வெட்டித் தைத்துக்கொள்ள மருத்துவரை நாடினர். பெற்றோரின் ஒப்புதல் நிறைந்திருந்தும், சுமந்தவள் மகளே.

நம் கொங்குச் சீமையிலும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. சீர் செய்ய மாமனுக்கு வசதி வரட்டும், மண்டபம் கிடைக்கட்டும், போட்ட மொய் திரும்பி வரட்டும் என்று காதணி விழாவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். பிள்ளைக்கு எட்டு வயதோ பத்து வயதோ ஆன பின்னர், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், கையையும் காலையும் பிடித்துக்கொண்டு, அது வீறிட்டு அழும்போது படம் எடுத்து மகிழ்கிறோம். பையனாயின், "ஆம்பளப் பையன் அழலாமா?" என்று நகைக்கிறோம். அப்பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, வாயும் இருக்கிறது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? "யாருக்குக் காது குத்துகிறாய்?" என்று ஏமாற்றுவோரைப் பார்த்து நாம் கேட்பதுண்டு. பிள்ளையிடம் உண்மையைச் சொல்லாமல், "வலிக்காது, மாமா மிட்டாய் தருவார்" என்று கூறி மடியில் அமர்த்துவதும் அவ்வகையைச் சேர்ந்ததே அன்றோ?

திருச்சபையின் ஞானம்

இக்காரியத்தில் நம் தாய்த் திருச்சபை காட்டும் வழி வியக்கத்தக்கது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 18 வயது நிரம்பியவரே வயது வந்தவர் என்கிறது. அதுவரை தன் உரிமைகளைப் பயன்படுத்துவதில் பிள்ளை பெற்றோரின் அதிகாரத்திற்கு உட்பட்டது என்கிறது. அதே வேளையில், ஏழு வயது நிரம்பிய பிள்ளைக்குப் பகுத்தறிவு உண்டு எனக் கொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறது. கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோருள் ஒருவரேனும் இசைய வேண்டும். ஆனால் பகுத்தறியும் வயதை எட்டியவருக்குத் திருமுழுக்குக் கொடுப்பதாயின், வயது வந்தோர்க்கு உரிய விதியே பொருந்தும். அதாவது, அவரே விரும்பிக் கேட்க வேண்டும். மீட்புக்குரிய அருட்சாதனத்திலேயே ஏழு வயதுப் பிள்ளையின் விருப்பத்தைத் திருச்சபை மதிக்கிறது என்றால், ஒரு தோட்டின் காரியத்தில் நாம் மதிக்கலாகாதா?

வேதாகமத்தில் ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆபிரகாமின் ஊழியர் ஈசாக்குக்குப் பெண் தேடிச் சென்று, கிணற்றடியில் ரெபேக்காளைக் கண்டு, அவளுக்குப் பொன் மூக்கணியும் கைவளைகளும் அணிவிக்கிறார். வீட்டாரிடம் பேசுகிறார், தந்தையும் தமையனும் இசைகின்றனர். அத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. உடனே புறப்படுவதா, சில நாள் தங்குவதா என்ற பேச்சு எழுந்தபோது, பெண்ணையே அழைத்து அவள் வாயால் கேட்போம் என்கின்றனர் வீட்டார். அவளும் போவதாகக் கூறுகிறாள். அத்தனை பழங்காலத்துக் குடும்பத்திலும் பெரியோரின் இசைவும் பெண்ணின் இசைவும் ஒருங்கே வேண்டப்பட்டன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

காதணி அணிவதே பாவம் என்று திருச்சபை போதிக்கவில்லை. லேவியர் ஆகமத்தில் உடலைக் கீறிக்கொள்வதற்குள்ள தடை இறந்தோர்க்காகச் செய்த பிற இனச் சடங்குகளைக் குறித்தது. ஆயினும் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். ஆலயத்தை அணி செய்யலாம். அதன் சுவரை எண்ணாமல் இடிக்கலாகாது. உடல்நலத்தைப் பேணுவது கடமை என்றும், அதற்காக உடலையே தெய்வமாக்கி வழிபடலாகாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது.

தந்தையர்க்கு ஒரு சொல்

பேசாதிருக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் பெற்றோர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கொலோசையர் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் எழுதிய அதே சின்னப்பர், அடுத்த வரியிலேயே தந்தையரை நோக்கி, பிள்ளைகள் மனமுடைந்து போகுமாறு அவர்களுக்கு எரிச்சலூட்ட வேண்டாம் என்கிறார். முன்னதை மட்டும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிப் பின்னதை மறைப்பது முறையாகுமா?

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தையும் நினையுங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு பெற்றோரிடம் சொல்லாமல் எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்டார். மூன்று நாள் தவித்துத் தேடிய அன்னை மரியாள், கண்டவுடன் கேட்டது ஒரு கேள்வி. அக்கேள்வியில் தம் மனவேதனையையும் மறைக்காமல் கூறினார். மகனின் விடை அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் அதை நெஞ்சில் வைத்துச் சிந்தித்தார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிப் பணிந்து நடந்தார். வேதனையைச் சொல்லுதல், காரணம் கேட்டல், விடையைச் சிந்தித்தல் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. பேசாதிருத்தல் அங்கே இல்லை.

இன்னொன்று. மகன் காதில் கடுக்கன் போட்டால் "ரௌடிப் பயல்" என்று வைகிறோம். ஆனால் நம் பாட்டனார் காதில் கடுக்கன் மின்னிய படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். மகளுக்கு ஒரு நீதி, மகனுக்கு ஒரு நீதி வேண்டா. இருவரிடமும் உடல்நலத்தையும் காலத்தையும் பொறுப்பையும் பற்றியே பேசுங்கள்.

நாம் செய்யத்தக்கவை

குடும்பங்கள் தமக்குள் கைக்கொள்ளச் சில நெறிகளைக் கூறுவோம்.

கைக்குழந்தைக்குக் காது குத்துவதாயின், 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் தடுப்பூசிகள் முடியும்வரை பொறுங்கள். அவற்றில் இரணஜன்னிக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கும் எதிரான மருந்து உள்ளது. மருத்துவரிடம் குத்தினும் ஆசாரியிடம் குத்தினும் புதிய, தூய்மை செய்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள். மடலின் கீழ்ப்புறத்தைத் தவிர வேறிடம் வேண்டா.

பகுத்தறியும் வயது வந்த பிள்ளையாயின், அதனிடம் உண்மையைச் சொல்லி ஒப்புதல் கேளுங்கள். "சிறிது வலிக்கும், சில வாரம் கவனிக்க வேண்டும், உனக்கு விருப்பமா?" என்று கேட்டால் போதும். வேண்டா என்று கூறினால், விழாவைத் தள்ளிவையுங்கள். சீரும் மொய்யும் பிள்ளையின் கண்ணீரினும் பெரியவை அல்ல.

வளரிளம் பருவத்தார் காதின் மேற்புறத்திலோ மூக்கிலோ துளையிட விரும்பினால், உடனே மறுக்கவும் வேண்டா, உடனே இசையவும் வேண்டா. மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதன் பின்னும் அவ்விருப்பம் மாறாவிடில், மருத்துவரைக் கேட்டு, நீங்களே உடன் செல்லுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். துப்பாக்கி போன்ற விசைக் கருவியால் குருத்தெலும்பில் குத்த இசையாதீர்கள். அது குருத்தெலும்பை நசுக்கும். அதை முழுமையாகக் கொதி நீராவியில் தூய்மை செய்யவும் இயலாது. நாக்கு, மறைவான உறுப்புகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை, 18 வயதுவரை பெற்றோர் ஒப்பினாலும் கூடாது என்பதே நம் கருத்து.

நம் மக்களில் அழகு நிலையமும் நகைக்கடையும் நடத்துவோர் பலர் உள்ளனர். அவர்களை அன்புடன் வேண்டுகிறோம்: பெற்றோர் உடன் வராத பிள்ளைக்குத் துளையிடாதீர்கள். ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதால் சில நூறு ரூபாய் குறையலாம். ஒரு குடும்பத்தின் அமைதி காக்கப்படும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் உடல் உங்களுடையதே. ஆனால் உங்களுக்காக விழித்திருந்த இரவுகள் உங்கள் பெற்றோருடையவை. அவர்களிடம் கேட்பது அடிமைத்தனம் அன்று; மறைக்க ஒன்றுமில்லாதவரே துணிந்து கேட்பர். குழந்தைப் பருவத்தில் உங்களைக் கேளாமல் செய்ததைச் சுட்டிக்காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. அதை வீட்டில் அமர்ந்து, முகம் பார்த்துச் சொல்லுங்கள்; கடையில் ஊசியால் சொல்லாதீர்கள்.

இத்திங்கள் ஒரு மாலையில், குடும்பச் செபம் முடிந்த பின், அனைவரும் சேர்ந்து அமருங்கள். "அம்மிணி, தம்பி, நாங்கள் உங்களைக் கேளாமல் முடிவு செய்து, உங்கள் மனத்தை வருத்தியது ஏதேனும் உண்டா?" என்று பெற்றோர் கேட்கட்டும். பிறகு பிள்ளைகள், தாங்கள் கேளாமல் செய்தது ஏதேனும் உண்டாயின் கூறட்டும். அன்று யாரும் யாருக்கும் தீர்ப்பிட வேண்டா, கேட்டால் போதும். கேட்கும் செவியைத் தரும் இறைவன், அவ்விதம் கூடியமரும் ஒவ்வோர் இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக.